வரிசை போட்டவன்

1

போன மாதத்தோடு நான் இந்த நாட்டுக்கு வந்து இருபது வருஷம் முடிந்தது. நெதர்லாந்தில் ஒரு வழக்கம் உண்டு. விசேஷம் யாருக்கோ அவர்தான் கேக் வாங்கிக்கொண்டு வரவேண்டும். வந்த புதிதில் இது தெரியாமல், என் பிறந்தநாளன்று துறையில் எல்லோரும் என் கையைப் பார்க்க, நான் அவர்கள் கையைப் பார்க்க, பெரிய அசிங்கமாகப் போய்விட்டது. இப்போது தேறிவிட்டேன். இரண்டு ஆப்பிள் கேக் வாங்கி, நானே வெட்டி, நானே தட்டில் வைத்து, என் இருபது வருஷத்துக்கு நானே எல்லோரையும் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

துறைத் தலைவி இரண்டு வார்த்தை பேசினார். பிறகு வழக்கமான கேள்வி வந்தது. தேர்தல் முறைகளைப் பற்றிய இந்த ஆராய்ச்சியில் உங்களுக்கு எப்படி ஆர்வம் வந்தது? நானும் வழக்கமான பதிலைச் சொன்னேன். இவ்வளவு பெரிய ஜனநாயகத்தில் பிறந்தவன், சின்ன வயதிலேயே ஓட்டுப்பெட்டியைப் பார்த்து வளர்ந்தவன், இத்யாதி. எல்லோரும் தலையாட்டிக்கொண்டு கேக் சாப்பிட்டார்கள்.

அத்தனையும் புளுகு. இந்தத் துறைக்கு மற்றவர்கள் ஜனநாயகத்துக்காக வந்திருக்கலாம். நான் ஆம்பூர் பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் மேஸ்திரியாக இருந்த ஏகாம்பரம் என்கிற ஒரே ஒரு மனுஷனுக்காக வந்தேன். என்றைக்காவது ஒருநாள் அந்த ஆளைக் கவிழ்க்க வேண்டும். அதற்காகத்தான் இந்தப் படிப்பு, இந்தக் குளிர், இந்த ஆப்பிள் கேக் எல்லாம்.

கேக் தட்டு கையில் இருக்கும்போதே போனில் வாட்ஸப் வந்தது. அனுப்பியவன் சேகர், ஏகாம்பரம் மேஸ்திரியின் மகன். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவன், இப்போது எங்கள் காலனி நலச்சங்கத்துக்குச் செயலாளர். காலனிப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்க ஒரு படிப்பகம் கட்டி முடித்திருக்கிறார்களாம். அதற்கு யார் பேர் வைப்பது என்று ஒரே சண்டையாம். ‘அண்ணா, நீங்கதான் ஓட்டு சப்ஜெக்ட்லயே டாக்டர் வாங்கினவரு. நீங்க நடத்திக் குடுத்தா ஒருத்தரும் வாய் தொறக்க மாட்டாங்க’ என்று எழுதியிருந்தான். அடியில் பேர்ப் பட்டியல். முதல் பேர் ஏகாம்பரம் மேஸ்திரி.

நான் இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டேன்.

2

என் அப்பா தேவராஜ், தோல் தரம் பிரிக்கிறவர். ஷாப்பில் அந்தப் பகுதிக்குச் ‘செலக்சன்’ என்று பேர். பதம் போட்டு, காயவைத்து, மெருகேற்றி வந்த தோலை நீள மேசையில் விரித்து, விரலால் தடவி, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்து, இது ஒண்ணாம் நம்பர், இது ரெண்டு, இது கழிசல் என்று ஒதுக்கவேண்டும். பதினெட்டுப் பேர் வேலை செய்த மேசை அது. அப்பாவின் விரலுக்கு அங்கே ஒரு மரியாதை இருந்தது.

அவர்கள் மூன்று தோலை ஒரே நேரத்தில் பார்க்க மாட்டார்கள். கண் குழம்பிப்போகும் என்பார்கள். ஒன்றைப் போடு, பக்கத்தில் இன்னொன்றைப் போடு, மட்டமானதைத் தள்ளு, நல்லதை மேசையிலேயே வை, அடுத்ததைக் கொண்டுவா. கடைசியில் மேசைமேல் எது மிஞ்சுகிறதோ அதுதான் உசத்தி. தோலுக்கு இந்த முறையில் தப்பே வராது. எந்த வரிசையில் போட்டாலும் நல்ல தோல்தான் கடைசிவரை நிற்கும்.

எனக்குப் பதிமூன்று வயதிருக்கும்போது, மேசைக்குப் பெரிய ஆளாக ஒருவரை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார். மூன்று பேர் நின்றார்கள். என் அப்பா, கோவிந்தன் என்று ஒருவர், அப்புறம் ஏகாம்பரம் மேஸ்திரியின் மச்சான் சுந்தரம். ஓட்டு நடத்தியவர் ஏகாம்பரம் மேஸ்திரி. சீட்டு எதற்கு, பெட்டி எதற்கு, தோல் பார்க்கிற மாதிரி ரெண்டு ரெண்டு பேராக வைத்துப் பார்த்துவிடலாம் என்று பேசிக்கொண்டார்களாம். வேறு எந்த ஊரிலும் யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது. காலையிலிருந்து சாயங்காலம்வரை தோல் பார்க்கிற கைகளுக்குத்தான் வரும்.

முதலில் தேவராஜா, கோவிந்தனா? நின்ற மூன்று பேர் போகப் பதினைந்து கை. பத்துக் கை அப்பாவுக்கு. கோவிந்தன் ஒதுங்கினார். அடுத்தது தேவராஜா, சுந்தரமா? பத்துக் கை சுந்தரத்துக்கு. ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துபோனது.

அப்பாவுக்குப் பதவி போனதுகூடப் பெரிதில்லை. முதலில் தனக்குத் தூக்கிய கைகளில் ஐந்து, இரண்டாவது தடவை எதிராகத் தூக்கியதை அவர் கண்ணால் பார்த்துவிட்டார். அந்த ஐந்தில் ஒரு கை பாஷா பாயுடையது. எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். தோஸ்த், தோஸ்த் என்று ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக்கொண்டு, ஒரே சைக்கிளில் ஷாப்புக்குப் போனவர்கள்.

“முதல்ல என்னைத்தான தூக்குனானுங்கோ. அஞ்சு நிமிஷத்துல இன்னா ஆச்சி அவனுங்களுக்கு?”

பன்னிரண்டு வருஷம் என் அப்பா கேட்டது இந்த ஒரே கேள்விதான். சாப்பிடும்போது கேட்பார். தட்டில் பருப்பை ஐந்து ஐந்தாகப் பிரித்து வைத்து, யார் யார் எந்தக் கூட்டம், யாருக்கு யார்மேல் பிடிப்பு என்று காட்டிக் காட்டிக் கேட்பார். மேஸ்திரி ஆளுங்களைக் கலைத்துவிட்டான், பாஷா விலைபோய்ட்டான் என்று கடைசியில் அவரே ஒரு முடிவுக்கு வருவார். பாஷா பாயோடு அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. பாஷா பாய் மகன் கல்யாணத்தன்று பக்கத்து வீட்டில் பிரியாணி தேக்சா இறங்கிய வாசனை எங்கள் வீடு முழுக்க அடித்தது. அப்பா கதவைச் சாத்திக்கொண்டு ரசம் சாதம் சாப்பிட்டார். அம்மா திமிரி ஊர்க்காரி, தைரியசாலி. பின்பக்கமாகப் போய் மொய் எழுதிவிட்டு வந்தாள்.

அப்பா செத்தபோது பாஷா பாய் தெருமுனையிலேயே நின்றார். வீட்டுப் பக்கம் வரவில்லை. வரவேண்டாம் என்று அப்பா சொல்லிவைத்திருந்தார்.

3

அடுத்த வருஷம் உதவித்தொகை கிடைத்து இங்கே வந்து சேர்ந்தேன். வந்த மூன்றாம் நாள் நகராட்சி அலுவலகத்தில் பேர் பதியப் போனேன். குடும்பப் பெயர் என்ன என்று அந்த அம்மாள் கேட்டார். இல்லை என்றேன். எல்லோருக்கும் இருக்குமே என்றார். எங்களுக்கு இனிஷியல்தான் என்றேன். அப்படியானால் உங்கள் குடும்பப் பெயர் ‘டி’ என்று எழுதிக்கொள்ளட்டுமா என்றார். எனக்கு வியர்த்துவிட்டது. விமானத்துக்கு முந்தின மாதம் ஒரு புத்தகத்தை வைத்துக் கற்றுக்கொண்ட டச்சு மொழியில், ‘அது என் அப்பாவின் பெயர்’ என்று சொல்லப்போய், ‘என் அப்பா நான்தான்’ என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, பாஸ்போர்ட்டில் அப்பா பேரைப் பார்த்துத் தேவராஜ் என்று எழுதினார்.

அன்றிலிருந்து நான்தான் திரு. தேவராஜ். கேஸ் பில் தேவராஜுக்கு வருகிறது. பல் டாக்டர் வாசலில் வந்து தேவராஜ் என்று கூப்பிடுகிறார். முப்பத்துச் சொச்சம் ஆராய்ச்சிக் கட்டுரைகளின் தலையில் தேவராஜ் என்றுதான் அச்சாகியிருக்கிறது. மேசைக்குப் பெரிய ஆளாக விடவில்லையே, பாருங்கடா என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன்.

முதல் பருவத்தில் ஒருநாள் வகுப்பில் பேராசிரியர் கரும்பலகையில் மூன்று வரி எழுதினார். மூன்று பேர் போட்டி. மூன்று கூட்டம் ஓட்டுப் போடுகிறது. ஒவ்வொரு கூட்டமும் மூன்று பேரையும் ஒவ்வொரு வரிசையில் பிடித்துவைத்திருக்கிறது. நான் அவர் எழுதிய எழுத்துகளை விட்டுவிட்டு என் நோட்டில் பேர்களை எழுதினேன்.

ஐந்து பேருக்கு முதலில் தேவராஜ், பிறகு கோவிந்தன், கடைசியில் சுந்தரம். அடுத்த ஐந்து பேருக்குக் கோவிந்தன், சுந்தரம், தேவராஜ். மிச்ச ஐந்து பேருக்குச் சுந்தரம், தேவராஜ், கோவிந்தன். அப்பா தட்டில் பருப்பால் காட்டிய அதே கூட்டங்கள். இப்போது ரெண்டு ரெண்டாக வைத்துப் பார்த்தால் தேவராஜ் கோவிந்தனைப் பத்துக்கு ஐந்தில் ஜெயிக்கிறார். சுந்தரம் தேவராஜைப் பத்துக்கு ஐந்தில் ஜெயிக்கிறார். ஆனால் அந்தக் கோவிந்தனையும் சுந்தரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால், கோவிந்தன் பத்துக்கு ஐந்தில் ஜெயித்திருப்பார். அந்த ஜோடியைத்தான் மேசையில் யாரும் போட்டுப் பார்க்கவே இல்லை.

யாரும் மனசு மாறவில்லை. யாரும் விலைபோகவில்லை. பாஷா பாய் முதல் தடவை தூக்கியதும் நிஜம், இரண்டாவது தடவை தூக்கியதும் நிஜம். அவருக்குச் சுந்தரத்தைக் கொஞ்சம் அதிகம் பிடிக்கும், அப்பாவை அதற்கு அடுத்தபடியாகப் பிடிக்கும், அவ்வளவுதான் சமாச்சாரம். தோலில் இப்படி ஒன்றை ஒன்று ஜெயிக்கிற சுற்று வராது. ஜனங்களில் வரும். வந்துவிட்டால் கடைசியாக யார் களத்தில் இறங்குகிறாரோ அவர்தான் ஜெயிப்பார். முதலில் இறங்குகிறவன் தொலைந்தான்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. ஒரு வருஷம் முந்தி இது தெரிந்திருந்தால் அப்பாவிடம் சொல்லியிருப்பேன், சுவரைத் தட்டிப் பாஷா பாயைக் கூப்பிட்டிருப்பார். ஒரு வருஷம். அப்புறம்தான் அடுத்த கேள்வி வந்தது. அப்படியானால் வரிசை போட்டது யார்? ஓட்டு நடத்தியவன். யாருடைய மச்சான் கடைசியில் வந்தான்? ஓட்டு நடத்தியவனுடைய மச்சான். இதற்கு மேல் எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

ஒருத்தர் என்ன செய்வார் என்று இன்னொருத்தர் கணித்து முடிவெடுப்பதைக் கணக்காகப் போடுகிற படிப்பு என்னுடையது. என் கட்டுரைகள் எல்லாவற்றிலும் வரிசையைத் தீர்மானிக்கிற ஒரு தந்திரக்காரர் வருவார். அவருக்கு ஆங்கில எழுத்து ‘ஈ’ என்று பேர் வைத்திருக்கிறேன். முதல் எழுத்து ஏ, அப்புறம் பி என்று போவதுதான் எங்கள் துறை வழக்கம். ஏன் எப்போதும் ஈ என்று ஒரு ஆய்வாளர் கேட்டார். பழகிப்போய்விட்டது என்று பதில் எழுதினேன். ஏகாம்பரத்தின் ஈ என்று அவருக்கு எப்படித் தெரியும்?

4

சேகருக்குப் போன் போட்டேன். பட்டியலில் மூன்று பேர்தான். ஒன்று ஏகாம்பரம் மேஸ்திரி. இரண்டு, காலனிப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்த ரோஸ்லின் டீச்சர், அவர் உயிரோடு இல்லை. மூன்றாவது, ஆள் பேரே வேண்டாம், காலனி பேரையே வைத்துவிடலாம் என்பது.

மேஸ்திரிக்கு ஏன் இந்த மரியாதை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். காலனிக்குப் பட்டா வாங்குவதற்காக வருஷக்கணக்கில் தாலுகா ஆபீசுக்கும் வேலூர் கலெக்டர் ஆபீசுக்கும் நடந்து செருப்பைத் தேய்த்தவர் அவர். நான் மறுக்கவில்லை. ஒரு நல்ல காரியம் செய்தவன் ஒரு கெட்ட காரியம் செய்திருக்கமாட்டான் என்று எந்தக் கணக்கிலும் நான் படித்ததில்லை.

எப்படி நடத்தலாம் என்று சேகரைக் கேட்டேன்.

“அப்பா இன்னா சொல்றாருன்னா, செலக்சன்ல தோல் பாக்கற மாதிரி ரெண்டு ரெண்டா வெச்சிடலாம்ன்றாரு. பெருசுங்களுக்கும் அது பழக்கம்ண்ணா.”

பார்த்தீர்களா அந்த ஆளை? எண்பது தாண்டியும் அதே வித்தை. வரிசை யார் போடுவது என்று கேட்டேன், குரலை மிதமாக வைத்துக்கொண்டு. அதை நீங்களே போடுங்கள், படித்தவன் போட்டால் சரியாக இருக்கும் என்று அப்பாவே சொல்லிவிட்டார் என்றான். எனக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் கிழவன் என்று எடுத்துக்கொண்டேன். வலிய வந்து கையில் கத்தியைக் கொடுக்கிறானே என்று சந்தோஷமாகவும் இருந்தது.

ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். ஓட்டுக்கு முந்தி, வீட்டுக்கு ஒரு சீட்டில் மூன்றையும் பிடித்த வரிசைப்படி எழுதி வாங்கி எனக்குப் படம் எடுத்து அனுப்பவேண்டும், ஆவணத்துக்காக என்றேன். ஆவணமாவது மண்ணாவது. சேகர் பொறுமையாகத் தொண்ணூறு வீட்டுச் சீட்டையும் படம் பிடித்து அனுப்பினான்.

கணக்குப் போட்டேன். பெருசுகள் வீடு முப்பத்தாறு. மேஸ்திரி, டீச்சர், காலனி பேர் என்று எழுதியிருந்தார்கள். பெண்கள் கை ஓங்கிய வீடு இருபத்தெட்டு. டீச்சர், காலனி பேர், மேஸ்திரி. சென்னை, பெங்களூர் என்று வேலைக்குப் போகிற இளவட்டங்களின் வீடு இருபத்தாறு. காலனி பேர், மேஸ்திரி, டீச்சர். அதே சுற்று. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும், ஆட்கள் மாறியும், அதே சுற்று என் மேசையில் வந்து உட்கார்ந்திருந்தது.

முதல் இடத்தை எண்ணினாலும் சரி, இடத்துக்கு இத்தனை மார்க் என்று போட்டு எண்ணினாலும் சரி, மேஸ்திரிதான் முதல். காலனி பேர் கடைசி. ஆனால் ரெண்டு ரெண்டாக வைத்தால் நான் யாரை நினைக்கிறேனோ அவரை ஜெயிக்க வைக்கலாம். டீச்சரைக் கொண்டுவந்துகூட மேஸ்திரியைத் தோற்கடித்திருக்கலாம். அது எனக்குப் போதவில்லை. முதல் தடவை அந்த ஆள் ஜெயிக்கவேண்டும். ஜனங்கள் கை தூக்குவதைக் கண்ணால் பார்க்கவேண்டும். அப்புறம் அதே கைகளில் பாதி எதிராகத் தூக்குவதையும் பார்க்கவேண்டும். என் அப்பா பார்த்தது அத்தனையும் பார்க்கவேண்டும். முதலில் மேஸ்திரியா, டீச்சரா? அடுத்தது ஜெயித்தவரா, காலனி பேரா? வரிசையை எழுதிச் சேகருக்கு அனுப்பினேன். நன்றி அண்ணா என்று கும்பிடு போட்டு ஒரு படம் அனுப்பினான்.

5

ஞாயிற்றுக்கிழமை காலை. அங்கே பதினொரு மணி, இங்கே ஏழரை. சாப்பாட்டு மேசையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் மகள் மீரா எழுந்து வந்தாள். பதினேழு வயது. அவளுடைய தமிழ் வருஷா வருஷம் கரைந்துகொண்டே வந்து, இப்போது தோசை, சட்னி, போதும், போப்பா என்ற அளவில் நிற்கிறது. ஆம்பூருக்கு அவள் வந்து ஏழு வருஷம் ஆகிறது. அங்கே இருப்பவர்களை ‘உங்க ஆளுங்க’ என்றுதான் சொல்வாள். அன்றைக்கு என்னவோ என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

படிப்பகத்து வாசலில் ஷாமியானா. பிளாஸ்டிக் நாற்காலிகள். முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் ஏகாம்பரம் மேஸ்திரி. கைத்தடி. ஆள் பாதியாகச் சுருங்கியிருந்தார். அதைப் பார்த்து எனக்கு ஒன்றும் மனசு இளகவில்லை. சேகர் மைக்கைப் பிடித்து, வெளிநாட்டிலிருந்து நம்ம தேவராஜ் மகன் நடத்துகிறார் என்றான். எல்லோரும் கை தட்டினார்கள். மேஸ்திரியும் தட்டினார்.

வீட்டுக்கு ஒரு கை. மேஸ்திரியா, டீச்சரா? அறுபத்திரண்டு, இருபத்தெட்டு. மேஸ்திரி எழுந்து நின்று சுற்றிலும் கும்பிட்டார். யாரோ விசில் அடித்தார்கள். அடுத்தது மேஸ்திரியா, காலனி பேரா? சேகர் இரண்டு தடவை எண்ணினான். காலனி பேருக்கு ஐம்பத்துநான்கு. மேஸ்திரிக்கு முப்பத்தாறு.

நான் படத்தைப் பெரிதாக்கினேன். மேஸ்திரி திரும்பி, யார் யார் கை மேலே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கையாக. அந்தத் தலை திரும்புவதை நான் முன்பே பார்த்திருக்கிறேன், பருப்புத் தட்டுக்கு முன்னால். எனக்கு உள்ளங்காலிலிருந்து சந்தோஷம் ஏறியது. எதற்கு மறைப்பது? அத்தனை வருஷத்தில் என் கட்டுரை எதற்கும் வராத சந்தோஷம் அது. அப்பா, பார்த்தியா என்று வாய்விட்டே சொன்னேன்.

மேசையில் கிடந்த என் கணக்குத் தாளைப் பார்த்துவிட்டு மீரா டச்சில் ஒரு கேள்வி கேட்டாள். மூன்றும் ஒன்றை ஒன்று ஜெயிக்கிற மாதிரி இருந்தால், எதைக் கடைசியில் வைக்கிறோமோ அதுதானே ஜெயிக்கும்? எங்கள் பள்ளிக்கூடத்தில் மாணவர் சங்கத்துக்கு எல்லா பேரையும் ஒரே சீட்டில்தானே எழுதுகிறோம், இதில் வரிசையை யார் முடிவு செய்தது?

அங்கே அப்படித்தான் வழக்கம் என்றேன். அவள் மாடிக்குப் போய்விட்டாள். நான் இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

6

திங்கட்கிழமை மதியம் சேகர் கூப்பிட்டான். அப்பா நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, வெளியே வந்து உட்காரவும் மாட்டேன் என்கிறார், தெருவில் போகிறவர்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், ஒரே பேஜாராக இருக்கிறது என்றான். உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டுமாம் என்று போனை அவரிடம் கொடுத்தான்.

“இன்னா தம்பி, நல்லா கீறியா?”

சொல்லுங்க மாமா என்றேன். சின்ன வயதில் அப்படிக் கூப்பிட்டுப் பழகிய வாய்.

“பேர் வெக்காததுல எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. காலனி பேரு நல்ல பேருதான். ஆனா முதல்ல என்னைத்தான தூக்குனாங்கோ. அடுத்த நிமிஷமே இன்னா ஆச்சி அவங்களுக்கு? நான் யாருக்கு இன்னா பண்ணேன்?”

இந்தக் கேள்வியை அந்த வாயிலிருந்து வரவழைக்கத்தான் இவ்வளவும் செய்தேன். வந்துவிட்டது. ருசிக்கட்டும் என்று கொஞ்சம் விட்டேன். அவரே தொடர்ந்தார்.

“உங்கப்பன் தேவராஜும் இத்தான் கேட்டான் என்னை. சாவுற வரிக்கும் என்மேல சந்தேகத்தோடதான் போனான். சுந்தரம் என் மச்சான்தான், இல்லன்னு சொல்லல. ஆனா நான் ஒருத்தன்கிட்டயும் கைய தூக்குன்னு கேக்கல. அவனுக்கு ஏன் அப்பிடி ஆச்சின்னு எனக்கு அன்னிக்கும் தெர்ல, இன்னிக்கும் தெர்ல.”

கிழவன் நடிக்கிறான் என்றுதான் நினைத்தேன். நேராகவே கேட்டுவிட்டேன். அன்றைக்கு வரிசை போட்டது யார்?

“இன்னா வரிசை?”

யார் முதலில் நிற்பது, யார் கடைசியில் வருவது என்ற வரிசை என்றேன்.

“அதுவா? உங்கப்பன்தான். ‘ஒண்ணாம் நம்பர் தோலைத்தான் முதல்ல மேசையில போடணும், அப்பதான் மத்ததோட மட்டம் தெரியும். என்னை முதல்ல போடு மேஸ்திரி’ன்னான். சிரிச்சிக்கினே சொன்னான். சரிதான்னு நானும் போட்டேன். அதுல இன்னா தம்பி கீது?”

செலக்சனில் அதுதான் முறை. நல்ல தோலை முதலில் விரித்துவிட்டு, அதோடு ஒட்டிப் பார்த்துத்தான் மற்றதற்கு நம்பர் போடுவார்கள். அந்த வாக்கியம் மேஸ்திரி சொந்தமாகச் சொன்னது இல்லை. அதில் இருந்த கர்வம், அதில் இருந்த சிரிப்பு, அத்தனையும் என் அப்பாவுடையது. சந்தையில் கத்தரிக்காய் வாங்கினாலும் முதலில் ஒரு நல்ல காயை எடுத்து இடதுகையில் வைத்துக்கொண்டு, அதைக் காட்டிக் காட்டித்தான் மிச்சத்தைப் பொறுக்குவார். தன் விரல்மேல் அவ்வளவு நம்பிக்கை. தோலுக்கு எது மரியாதையான இடமோ, ஓட்டுக்கு அதுதான் குழி. அது அப்பாவுக்கும் தெரியாது, மேஸ்திரிக்கும் தெரியாது, அந்த மேசையில் ஒருத்தருக்கும் தெரியாது.

மேஸ்திரி இன்னும் லைனில் இருந்தார்.

“நீ ஓட்டு படிச்சவனாச்சே. உனுக்குத் தெரியும். நீயாவது சொல்லு.”

சொல்லியிருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. மாணவர்களுக்கு வருஷா வருஷம் சொல்வதுதான். ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் நேற்று வரிசை போட்டது யார் என்று வரும்.

“ஜனங்க மனசு மாறியிருக்கும் மாமா” என்றேன்.

“அப்பிடியா. சரி தம்பி, உடம்பப் பாத்துக்க” என்று போனை வைத்துவிட்டார்.

7

அந்தப் பதில் ஒரு வீட்டை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷம் அதோடு ஒரே கூரையின் கீழ் இருந்தவன் நான். ஜனங்கள் மனசு மாறிவிட்டார்கள் என்று நம்புகிறவன் ஜனங்களை ஒவ்வொருத்தராக விடுவான். முதலில் பக்கத்து வீட்டுக்காரனை விடுவான். தெரிந்தே அதை அந்தக் கிழவருக்குக் கொடுத்தேன்.

மூன்று நாள் கழித்து மீராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் அப்பாவைப் பற்றி அவளிடம் இவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. முழுக்கக் கேட்டுவிட்டு, அப்படியானால் அந்த ஊரில் இதைத் தெரிந்து செய்த ஒரே ஆள் நீதான் என்றாள். டச்சில்தான் சொன்னாள்.

இந்தப் பத்திரிகை எங்கள் காலனிக்கும் வருகிறது. ஆகவே சேகர், உனக்குத்தான் இது. அப்பாவை உட்காரவைத்து இதைப் படித்துக் காட்டு. இங்கே தைரியமாக எழுதுகிறேனே தவிர, போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலில் அவருக்குக் கை தூக்கிய அறுபத்திரண்டு வீடும் பொய்யாகத் தூக்கவில்லை. அப்புறம் எதிராகத் தூக்கிய வீடுகளும் துரோகம் செய்யவில்லை. ஒருத்தரும் மனசு மாறவில்லை. தொண்ணூறு சீட்டின் படமும் உன்னிடமே இருக்கிறது, நீயே எண்ணிப் பார். உன் அப்பாதான் முதலில் வருகிறார். அவரைத் தோற்கடிக்கவேண்டும் என்று வரிசை போட்டது நான். பாஷா பாய்க்கும் ஒரு கணக்குச் சொல்லவேண்டியிருந்தது. அவர் போன வருஷம் போய்ட்டார் என்று கேள்விப்பட்டேன்.

மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு என் மனசு இன்னும் இறங்கவில்லை, பொய் சொல்ல விரும்பவில்லை. கோபம் முழுசாக அப்படியே இருக்கிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. என் அப்பாமேல் கோபப்பட எனக்குப் பழக்கமில்லை.

ஓட்டை மறுபடியும் வையுங்கள். மூன்று பேரையும் ஒரே சீட்டில் எழுதி, நீங்களே எண்ணுங்கள். அதற்கு என்னைக் கூப்பிட வேண்டாம்.